உப்புத்தண்ணிதாங்க

விருத்தாசலத்தில் பீங்கான் ஷெட்டுகள் இருக்கிற பக்கம் போய் சிலிக்கா என்று சொல்லிப் பாருங்கள். யாரும் கல்லையோ மணலையோ நினைக்க மாட்டார்கள். யார் வீட்டில் என்றுதான் கேட்பார்கள். பக்கிரிக்கு சிலிக்கா என்றால் பக்கிரி இனி வேலைக்கு வரமாட்டான் என்று அர்த்தம். பீங்கானுக்காக வெங்கச்சாங்கல்லை அரைக்கும்போது பறக்கிற தூசு நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்து, நாளாக ஆக மூச்சை இறுக்கிப் பிடிக்கிற நோய் அது. ஆஸ்பத்திரியில் அதற்குப் பெரிய பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் யார் வாயில் நுழையும்? கல்லின் பெயரையே நோய்க்கும் வைத்துவிட்டார்கள். குழாயடிச் சண்டையில், "ஒன் வூட்டுக்கு சிலிக்கா வர" என்று மண்ணை வாரித் தூற்றுகிற பெண்களும் உண்டு. தூற்றினவள் வீட்டுக்கே அது வந்து சேர்ந்த கதையும் உண்டு.

அம்சவல்லி யாரையும் தூற்றினவள் இல்லை. ஆனாலும் அவள் புருஷன் கொளஞ்சிநாதனுக்கு வந்தது. கல் அரைக்கிற ஷெட்டில் மீசை முளைத்த வயதிலிருந்து வேலை. நாற்பத்தைந்து தாண்டுவதற்குள் வாசல் பக்கத்துக் கட்டிலில் தலையணைகளை முட்டுக் கொடுத்து உட்கார்ந்துவிட்டான். படுத்தால் மூச்சு வராது. உட்கார்ந்தபடியேதான் தூக்கம், உட்கார்ந்தபடியேதான் விழிப்பு.

பட்ட காலிலேயே படும் என்பார்கள். அவன் வேலையை விட்ட அதே வருஷம் அம்சவல்லியின் இடது மார்பில் கட்டி வந்தது. புதுச்சேரியில் மார்பை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டி மறுபடி முளைத்தது. கடலூர்க் கரையைச் சுனாமி அடித்துப் போட்டதற்கு அடுத்த வருஷம், இனி நோய் இல்லை, வந்து காட்டிவிட்டு மட்டும் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

நோய் போய்விட்டது, சரி. போனது நோய் மட்டுமா? அம்சவல்லிக்கு பரக்கத்துல்லா பாயின் ஜவுளிக்கடையில் வேலை. வருகிறவர்களுக்குப் புடவையைப் பிரித்துத் தன் தோளில் போட்டு, முந்தானையை விசிறிக் காட்டுவாள். அம்சவல்லி மேல் போட்டால் நூல் புடவையும் பட்டாகத் தெரியும் என்று பாய் வாயாரச் சொல்வார். ஆபரேஷனுக்குப் பிறகு ஜாக்கெட்டுக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டு போனாள். ஒருநாள் கையைத் தூக்கி முந்தானை போடும்போது அந்தத் துணி நழுவி இடுப்புக்கு வந்துவிட்டது. எதிரே கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த கும்பல். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பாள். அந்த ஐயோ பாவம் பார்வை இருக்கிறதே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மறுநாள் தானாகவே பாயிடம் கேட்டு, உள்பாவாடைத் துணி கிழிக்கிற மூலைக்கு மாறிக்கொண்டாள்.

குளிக்கும்போதும் அவள் தன் இடது பக்கத்தைத் தொடுவதில்லை. தண்ணீரை மட்டும் ஊற்றுவாள். அதனால்தான் புதுச்சேரி டாக்டரம்மா, "மறுபடி வச்சுக்கலாம், ஒரு டிரஸ்ட்டு செலவ ஏத்துக்கும்" என்று சொன்னபோது, புருஷனைக்கூடக் கேட்காமல் சரி என்று தலையை ஆட்டிவிட்டாள்.

அன்றைக்கு அவளோடு மகள் பூர்ணிமாவும் போயிருந்தாள். ஊர் அரசுக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி படிக்கிற பெண். டாக்டரம்மா மேஜைமேல் இரண்டு பைகளை எடுத்து வைத்தார்.

"முதல்ல சதைக்கு அடியில ஒரு காலிப் பை வைப்போம். நீங்க வர்றப்ப எல்லாம் ஊசியால கொஞ்சம் கொஞ்சமா உப்புத்தண்ணி ஏத்தி, தோல இழுத்து எடம் பண்ணுவோம். எடம் ஆனதும் அத எடுத்துட்டு, நெலையா இருக்கறத வைக்கணும். அதுல ரெண்டு வகை. இது உள்ள வெறும் உப்புத்தண்ணி. குளுக்கோஸ் மாதிரி ஏத்துறோமே சலைன், அதுதான். ஓட்டை விழுந்தா தண்ணி உடம்போட கலந்துரும், கெடுதல் இல்ல. ஆனா சப்புனு அமுங்கிடும், மறுபடி ஆபரேஷன் பண்ணணும். இது ஜெல்லு. கிழிஞ்சா வெளிய தெரியாது, அப்பப்ப ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். உங்கள மாதிரி ஒல்லியா இருக்கறவங்களுக்கு உப்புத்தண்ணிப் பை சுருக்கம் சுருக்கமா தோலுக்கு மேல தெரியும். நான் ஜெல்லத்தான் சொல்லுவேன். தொட்டுப் பாருங்க."

அம்சவல்லி உப்புத்தண்ணிப் பையை எடுத்தாள். பால் பாக்கெட் மாதிரி தளும்பியது. வைத்துவிட்டாள். ஜெல் பையை எடுத்தாள். உள்ளங்கையில் அது தானாக அமர்ந்துகொண்டது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். நோய் என்று சொன்ன அன்றைக்கும் மார்பை எடுத்த அன்றைக்கும் அழாதவளுக்கு இப்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எனக்கு இதுதாங்க வேணும்" என்றாள். "இதுக்குப் பேரு என்னாங்க?"

"சிலிக்கான்."

அடுப்பைத் தொட்டவள்போல அம்சவல்லி அதை மேஜையில் போட்டாள். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பூர்ணிமாதான் சிரித்துக்கொண்டே, "எங்க ஊர்ல அந்தப் பேரு வேறங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள். "ஏம்மா, அது கல்லுத் தூசு. இது ரப்பர் மாதிரி. பாப்பாங்களுக்குப் பால் பாட்டில்ல காம்பு இருக்குதே, அதைக்கூட இதுலதான் பண்றாங்க. தூசா பறந்து மூச்சுல போறது இல்லம்மா இது."

அம்சவல்லி மறுபடி பையை எடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். மகள் பொய் சொல்லமாட்டாள். "அப்ப சரி" என்றாள்.

பண்ருட்டி தாண்டி நெய்வேலி வரும்வரை பஸ்ஸில் அவள் முகம் மலர்ந்தே இருந்தது. மறுபடி புடவைப் பக்கம் போக வேண்டும், பாயிடம் கேட்க வேண்டும் என்று மகளிடம் பேசிக்கொண்டே வந்தாள். வீட்டில் கால் வைத்ததும் அதே மலர்ச்சியோடு புருஷனிடம் சொன்னாள்.

"ரெண்டு வகை இருக்குதுங்க. ஒண்ணு உப்புத்தண்ணி, இன்னொண்ணு ஜெல்லு. ஜெல்லுதான் நல்லாருக்குது. கையில புடிச்சா அப்படியே..." வெட்கம் வந்து நிறுத்திக்கொண்டாள்.

"எதுல பண்ணுனதாம்?"

இந்த இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சந்தோஷத்தில் இருக்கிறவளுக்குச் சாமர்த்தியம் ஏது? "சிலிக்கான்னு சொல்றாங்க. ஆனா அது..." என்று இழுத்தாள்.

கொளஞ்சிநாதன் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். "சிலிக்காவா?"

"சிலிக்கான்ப்பா. அது வேற, இது வேற" என்றாள் பூர்ணிமா.

"ஒரு எழுத்துதான வேற. எதுலேருந்து எடுக்கறாங்க? கல்லுலேருந்துதான?"

படித்த பெண்ணுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஆரம்பம் அதுலேருந்துதான்ப்பா. ஆனா என்னென்னமோ பண்ணி வேற பொருளா ஆயிடும். ஒண்ணும் பண்ணாது."

"எங்க மேஸ்திரியும் இதத்தான் சொன்னாரு. வெறும் கல்லு மாவுடா, மண்ணுல பொறந்தவன மண்ணு என்னா பண்ணும்னு கேட்டாரு. கூட வேல பாத்த பக்கிரி சிரிச்சான். நானும் சிரிச்சேன்." மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். "உப்புத்தண்ணியே வச்சுக்கட்டும்."

பூர்ணிமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உப்புத்தண்ணி மட்டும் நல்லதாப்பா? கடலூருல அது பண்ணத டிவில பாக்கல?"

"பாத்தேன். அது வந்த வேகத்துல வடிஞ்சிருச்சு." தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "இது வடியாது."

அம்சவல்லி அடுப்படிக்குப் போய் அரிசியைக் களைய ஆரம்பித்தாள். அவளுக்கு அவன்மேல் கோபம்தான். தன் உடம்பில் என்ன வைத்துக்கொள்வது என்று தனக்கே ஒரு ஆசை வந்தது இதுதான் முதல் தடவை, அதிலும் மண் விழுந்துவிட்டதே என்று கோபம். ஆனால் அவன் சொன்னது தப்பு என்று தெரிந்தாலும், சொன்ன வாயில் மூச்சு இல்லாததைப் பார்த்துவிட்டு எதிர்த்துப் பேச வரவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து அவள் கடையிலிருந்து வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. தெருவுக்கு ஓடி வந்தவள், ஆட்டோவில் நெற்றி நிறைய விபூதியோடு கொளஞ்சிநாதன் வந்து இறங்குவதைப் பார்த்தாள். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் வந்திருக்கிறான். அந்தச் சாமியின் பெயரைத்தான் அவனுக்கு வைத்திருந்தார்கள். மாடு காணாமல் போனதிலிருந்து புருஷன் ஓடிப்போனதுவரை, எந்த ஸ்டேஷனிலும் தீராததை அங்கே தாளில் புகாராக எழுதிச் சாமியிடம் பிராது கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம்.

"பிராது கட்டிட்டு வரேன்" என்றான்.

"யாரு மேலங்க?"

"சிலிக்கா மேல. என் நெஞ்சோட அது நிக்கணும், என் பொண்டாட்டி நெஞ்சுக்கு வரக்கூடாதுன்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "பிராதுல பேரு, ஊரு எல்லாம் எழுதணுமே, அது எந்த ஊருன்னு எழுதுனீங்க?"

"இந்த ஊருன்னுதான் எழுதுனேன்" என்றான் கொளஞ்சிநாதன். அவன் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

அன்றைக்கே, "சரிங்க, உப்புத்தண்ணியே வச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போதே மனசுக்குள் வேறு கணக்கு ஓடிற்று. பை உள்ளே போன பிறகு அது ஜெல்லா தண்ணியா என்று இவருக்கு எப்படித் தெரியும்? காலிப் பை வைக்கப் போன அன்றைக்கு டாக்டரம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"கடைசில ஜெல்லுதாங்க வைக்கணும். அவருகிட்ட மட்டும் உப்புத்தண்ணின்னு இருக்கட்டும்."

டாக்டரம்மா யோசித்தார். "நானா எதுவும் சொல்ல மாட்டேன். அவரே என்னைக் கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன்."

"அவரு எங்கங்க புதுச்சேரிக்கு வரப்போறாரு" என்றாள் அம்சவல்லி.

பூர்ணிமா, "அப்பாவை ஏமாத்தலாமாம்மா?" என்று கேட்டதற்கும் அவளிடம் பதில் இருந்தது. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னாங்க. பண்ணின கல்யாணத்துக்கு ஒரு பொய் சொல்லக்கூடாதா?"

தண்ணீர் ஏற்றிக்கொண்டு வருகிற நாட்களில் இடது பக்கம் கல்லாக இறுகி, தோள்வரை வலிக்கும். பஸ் குலுக்கலில் பல்லைக் கடித்துக்கொண்டு வருவாள். வீட்டுக்குள் நுழையும்போதே கொளஞ்சிநாதன், "கடலு வருது, வழிய வுடுங்க" என்பான். ஆள் பாதியாக இளைத்திருந்தாலும் கேலிக்குக் குறைவில்லை. "உப்புத்தண்ணி உள்ள போனதுலேருந்து ஒன் பேச்சுலயும் கொஞ்சம் ஒறைப்பு கூடிப்போச்சு" என்பான். அவளும், "உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆவணும், சும்மா இருங்க" என்று ஏதாவது சொல்லி வைப்பாள். மார்பை எடுத்த நாளிலிருந்து அவளுடைய அந்தப் பக்கத்தை அவன் ஏறிட்டுப் பார்த்ததே இல்லை. அவள் மனசு நோகும் என்று பார்க்காமல் இருந்தானோ, அவனுக்கே பயமோ, அவள் கேட்டதில்லை. ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்காரச் சொன்னான். புடவைக்கு மேலாக உள்ளங்கையை அங்கே வைத்தான். காலிப் பைக்குள் தண்ணீர் இறுகிக் கிடந்த இடம் அது.

"நல்லாருக்குது அம்சு" என்றான். "சுத்தமா இருக்குது. தூசு தும்பு ஒண்ணும் இல்ல."

அம்சவல்லிக்கு இந்த மனுஷனை ஏமாற்றப் போகிறோமே என்று இருந்தது. ஆனாலும் அந்த ஜெல் பை உள்ளங்கையில் உட்கார்ந்த விதம் அவளுக்கு மறக்கவில்லை. வைத்துக்கொண்ட பிறகு வாழ்நாள் முழுக்க இவருக்கு நல்லவளாக இருந்துவிட்டால் போயிற்று என்று தன்னையே சமாதானம் பண்ணிக்கொண்டாள்.

பை மாற்ற வேண்டிய நேரம் நெருங்கியபோது மார்கழி பிறந்தது. சிலிக்காக்காரர்களுக்குப் பனிதான் எமன். ஒரு காலையில் கொளஞ்சிநாதனின் உதடு நீலம் பாரித்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் காற்றுக் குழாய் வைத்த மூடியை மாட்டினார்கள். அம்சவல்லி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மத்தியானத்துக்கு மேல் அவன் மூடியை விலக்கினான். நர்ஸு அதட்டியதைச் சட்டை பண்ணவில்லை.

"அம்சு. உப்புத்தண்ணிதான?"

"உப்புத்தண்ணிதாங்க."

"சத்தியமா?"

அவள் அவன் கைமேல் தன் கையை வைத்தாள். "சத்தியமாங்க."

அவன் மூடியைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டான். முகம் தெளிந்திருந்தது. சாயங்காலம் போய்ச் சேர்ந்தான்.

காரியம் முடிந்து பந்தல் பிரிக்கிற அன்றைக்கு, கொளஞ்சிநாதனின் அக்கா விருத்தாம்பாள் ஆரம்பித்தாள். வாயைத் திறந்தால் தேள் கொட்டுகிற மாதிரிதான் பேசுவாள். "தாலியே எறங்கிப் போச்சு. இனிமே அந்த எடத்துல மேடு இருந்தா என்னா, பள்ளம் இருந்தா என்னா? உள்ள இருக்கறதையும் எடுத்துப் போட்டுட்டு வந்து பேசாம இரு."

அம்சவல்லி தலை நிமிரவில்லை. "அவருக்காகன்னு யாரு சொன்னா அண்ணி? எனக்கு வேணும்."

இந்தப் பதிலை விருத்தாம்பாள் எதிர்பார்க்கவில்லை. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். ஊருக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்தது. பேசட்டும், ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

தை கழிந்து புதுச்சேரிக்குப் போனார்கள். பஸ்ஸில் பூர்ணிமா ஜன்னலைப் பார்த்தபடி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இனிமே யாருகிட்டயும் பொய் சொல்ல வேணாம்மா. நேராவே ஜெல்லு வச்சுக்கலாம். அப்பா கட்டுன பிராத நாம போயி வாபஸ்னு ராஜினாமா எழுதிக் குடுத்து முடிச்சுடலாம்."

"ம்" என்றாள் அம்சவல்லி. மகளுக்கு அது சம்மதமாகத்தான் கேட்டது.

டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டு வருத்தப்பட்டார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அலமாரியிலிருந்து ஜெல் பையை எடுத்து, "அளவு இதுதான். நாளைக்கு இதையே வச்சுடலாம்" என்று கொடுத்தார். அம்சவல்லி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். முதல் நாள் இருந்த மாதிரியே இருந்தது. அழுத்தினால் குழைந்தது, விட்டால் நிறைந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்புத்தண்ணியே வச்சுடுங்க" என்றாள்.

டாக்டரம்மா பூர்ணிமாவைப் பார்த்தார். பூர்ணிமா, "அம்மா" என்றாள்.

"அம்சவல்லி, உங்க வீட்டுக்காரர் பயந்தது தப்பு. இது அந்தத் தூசு இல்ல. உங்களுக்குத் தெரியும்தான?"

"தெரியுங்க."

"உப்புத்தண்ணிப் பை உங்க உடம்புக்குச் சரியா வராது. சுருக்கம் தெரியும். கை வச்சா வித்தியாசம் தெரியும். தளும்புறதுகூட உங்களுக்குக் கேக்கலாம். என்னைக்காவது அமுங்கிட்டா மறுபடி கத்தி வைக்கணும்."

"தெரியுங்க."

"பின்ன ஏன்? இதத்தான ஆசைப்பட்டீங்க? அவருக்குத் தெரியாம வைக்கணும்னு நீங்கதான என்கிட்ட கேட்டீங்க?"

"ஆமாங்க, கேட்டேன்." அம்சவல்லி நிமிர்ந்து பார்த்தாள். "அவரு இருந்திருந்தா ஏமாத்தித்தான் இருப்பேன். தெனம் சோறு போட்டு, முதுகு தேச்சு வுட்டு, அந்தப் பொய்க்கு ஈடு கட்டியிருப்பேன். என்னைக்காவது ஒருநாள் சொல்லிக்கூட இருப்பேன். நாலு நாளு பேசாம இருந்துட்டு அப்புறம் பேசியிருப்பாரு. இப்ப நான் யாருகிட்டங்க சொல்றது? சத்தியமான்னு கேட்டாரு. சத்தியமான்னேன். நம்பிட்டுப் போயிட்டாரு."

டாக்டரம்மா எழுந்து போய் உப்புத்தண்ணிப் பையை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். பிறகு ஜெல் பைக்காகக் கையை நீட்டினார்.

அம்சவல்லி கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிகிறது, விரல்தான் விடவில்லை. பூர்ணிமா பக்கத்தில் வந்து குனிந்து, அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பையை எடுத்து டாக்டரம்மாவிடம் கொடுத்தாள்.